மல்லிகா வீட்டுக் காரைத் தூக்கிய ஞாயிறு

1. போன்

“அண்ணே, அவரு கார ஹாலோ பிளாக் மேல தூக்கி வச்சுப்புட்டு அடியில படுத்துக் கெடக்காருண்ணே. சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. ஒடனே வாங்கண்ணே.”

போனில் மல்லிகா. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. தட்டில் நாலு இட்லி வைத்திருந்தேன், இரண்டு உள்ளே போயிருந்தது. மீதியை அப்படியே மூடி வைத்துவிட்டு, ஜாக், ஸ்டாண்டு, கட்டைகள் எல்லாம் போட்ட என் வேலைச் சாக்கை மொபெட்டில் வைத்துக் கிளம்பினேன். என் வீட்டுக்காரி வாசல் வரைக்கும் வந்து திட்டினாள். ரிட்டயர் ஆனவன் ஞாயிற்றுக்கிழமை இட்லியைக்கூட நிம்மதியாகத் தின்ன மாட்டானா என்பது அவள் கேள்வி. பதில் சொல்ல நேரமில்லை.

நான் பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவன். பேர் கருப்பையா. ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாகப் போய்க் காரின் அடிப்பக்கத் துருவைச் சுரண்டி கோட்டிங் அடித்துக் கொடுக்கிறேன். அறந்தாங்கியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகப் போக எனக்கு வேலை அதிகம். உப்புக் காத்து. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் லீவில் வந்து கார் வாங்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது நின்ற இடத்திலேயே அடியில் அரிக்கும். மேலே கவர் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள், அடியில் குனிந்து பார்க்க ஆள் இருக்காது.

மல்லிகாவின் காரும் அந்த வகைதான். வெள்ளை நிற எண்ணூறு சி.சி. வண்டி. அவள் வீட்டுக்காரர் செல்வராஜ் ஒரு லீவில் வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். மல்லிகா அங்கன்வாடி டீச்சர். தானே ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல், பரீட்சை, மாமனாருக்கு ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் ஓடியது. ஏழு வருடத்துக்கு முன்னால் அதற்கு அடியில் கோட்டிங் அடித்துக் கொடுத்தவன் நான். அன்றிலிருந்து என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். அதனால் அவள் வீட்டுக்காரர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான்.

செல்வராஜ் இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, இனிமேல் போகப் போவதில்லை என்று வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போகிற மனிதர் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறார். மல்லிகா இன்னும் அதை நம்பப் பழகவில்லை. போன மாதம் கடைத்தெருவில் பார்த்தபோது, “காலையில எந்திரிச்சதும் பக்கத்துல ஆளு கெடக்கான்னு கையை வச்சுப் பாக்குறேண்ணே” என்று சொல்லிச் சிரித்தாள். மொபெட்டில் போகும்போது அந்தச் சிரிப்புதான் கண் முன்னால் நின்றது.

2. டீ குடிக்கக் கூப்பிட்டேன்

போய்ப் பார்த்தேன். போர்ட்டிகோவில் காரின் பின்பக்கம் இரண்டு ஹாலோ பிளாக் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிளாக்கின் ஓட்டைகள் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்திருக்கிறார். அப்படி வைத்தால் அது பாரத்தைத் தாங்காது. வலதுபக்கக் கல்லில் முடி மாதிரி ஒரு கீறல் ஏற்கெனவே ஓடியிருந்தது. காருக்கு அடியிலிருந்து கைலியும் இரண்டு காலும் மட்டும் வெளியே தெரிந்தன. கம்பி பிரஷ்ஷைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

இந்த மாதிரி நேரத்தில் கத்தக் கூடாது. கத்தினால் அடியில் இருக்கிறவன் திடுக்கிட்டு எழுவான், தலையோ தோளோ வண்டியில் முட்டும், அந்த அசைவே போதும். மல்லிகா வாயைத் திறக்கப் போனாள், கையைக் காட்டி நிறுத்தினேன்.

“மாப்ள, நாந்தான் கருப்பையா. தங்கச்சி டீ போடுது. வாங்க, குடிச்சுப்புட்டு அப்பறம் பாக்கலாம்.”

“இந்தா வாரேன் மச்சான். ஒரு ஓரம்தான் பாக்கி.”

“டீ ஆறிரும் மாப்ள. அப்படியே மெதுவா சறுக்கி வாங்க. எதையும் புடிக்காம வாங்க.”

வந்தார். முகமெல்லாம் துருப்பொடி. பல் மட்டும் வெள்ளை. அவர் தலை வெளியே வந்து, எழுந்து, நாலடி தள்ளி நிற்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறந்தேன். என் வாய் டெப்போ வாய். அன்றைக்குச் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

“ஒங்களுக்கு அறிவு இருக்கா மாப்ள? அந்தக் கல்லப் பாருங்க. அது செவுரு கட்டுற கல்லு. கார் தூக்குற கல்லா?”

அவர் குனிந்து கீறலைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு போன் அடிச்சா வந்து தூக்கிட்டுப் போவான்ல. ஏன் இந்த வேல?”

“புதுக் கார் வாங்கித் தர்றேன்னு சொன்னேன் மச்சான். வேணாம், இதுதான் வேணும்னுட்டா. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ரெனிவலுக்குக் காட்டணும், அடியெல்லாம் துருவா இருக்கு. சரி, நாமளே செய்வோம்னு பாத்தேன். இருவத்திரெண்டு வருசமா இந்த வீட்டுக்குப் பணம் அனுப்புனதோட சரி. என் கையால ஒரு ஆணி அடிச்சதில்ல.”

மல்லிகா டீத் தம்ளரோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். அது அவள் காதிலும் விழுந்தது. தம்ளரை அவரிடம் நீட்டினாள். எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

3. அங்கே என்ன வேலை

டீ குடித்துக்கொண்டே, “அங்க என்ன வேல பாத்தீங்க மாப்ள?” என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. ஏதோ ஒரு கம்பெனி என்று மட்டும்தான் தெரியும்.

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “சேஃப்டி” என்றார்.

மல்லிகா புரையேறிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விவரமாகச் சொன்னார். அங்கே பெரிய பெரிய எண்ணெய் டேங்க்குகளைக் கழுவ ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். இறங்குகிற ஓட்டையின் பக்கத்தில் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். ‘ஹோல் வாட்ச்’ என்று பேர். உள்ளே போகிறவன் பேரைப் பலகையில் எழுத வேண்டும். அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வெளியே வந்தால்தான் பேரை அழிக்க வேண்டும். பலகையில் ஒரு பேர் இருக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, ஒண்ணுக்குப் போகக்கூட.

“எத்தன வருசம் நின்னீங்க?”

“பதினஞ்சு வருசம். ஒருத்தன் பேரக்கூட நான் அழிக்காம விட்டதில்ல மச்சான்.”

“அப்ப இங்க ஒங்க பேர எவன் எழுதுனான்?”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். “நம்ம வீடுதானேன்னு நெனச்சுட்டேன்” என்றார். அந்தச் சொல்லை நான் நிறைய வீட்டில் கேட்டிருக்கிறேன். டெப்போவில் அவனவன் ஒழுங்காக இருப்பான். வீட்டுக்கு வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மறந்துவிடுவான்.

மல்லிகா உள்ளே போனாள். வரும்போது அங்கன்வாடிப் பிள்ளைகள் எழுதுகிற ஒரு சிலேட்டும் சாக்பீஸும் கையில் இருந்தது. பிள்ளைகள் உட்காருகிற குட்டி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

“தினம் இருவத்தஞ்சு பிள்ளைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குறேன். ரெண்டு ஆம்பளைக்கு எடுக்க முடியாதா? இனிமே எவரு அடியில போனாலும் பேரு எழுதிட்டுத்தான் போகணும்” என்றாள்.

4. தூக்கினோம்

முதலில் ஜாக் போட்டு பிளாக்கை எடுத்துவிட்டுக் காரை இறக்கினோம். போர்ட்டிகோ வாசல் பக்கம் சரிந்திருந்தது, டைல்ஸும் வழுக்கும். அதனால் வீட்டுக்குப் பக்கவாட்டில் நெல் காய வைக்கிற சிமெண்ட் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அது மட்டமான இடம். கெட்டியான தரை.

பின்பக்கத்தைத் தூக்கும்போது பலர் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அது எதைப் பிடிக்கும்? முன்சக்கரத்துக்குத்தான் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். இந்த வண்டிக்கு எஞ்சின் முன்சக்கரத்தைத்தான் சுற்றுகிறது, அதனால் கியரிலும் போட்டு வைத்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். சாவியை மல்லிகாவிடம் கொடுத்தேன், முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பின்சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, நடுவில் ட்ராலி ஜாக் கொடுத்துத் தூக்கினோம். சக்கரங்களைக் கழற்றினோம். ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும்தான், அதை நம்பி அடியில் போகக் கூடாது. அதனால் இரண்டு பக்கமும் ஓரச் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தேன். கொடுக்கிற இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும், பழைய வண்டிக்கு இது கட்டாயம். இடதுபக்கம் குத்தினேன், கெட்டியாக இருந்தது. வலதுபக்கம் குத்தவில்லை. கையால் தடவிப் பார்த்தேன். நான் அடித்த கறுப்புக் கோட்டிங் ஏழு வருடம் கழித்தும் வழவழவென்று, ஒரு வெடிப்பு இல்லாமல் இருந்தது. “பாத்தீங்களா மாப்ள, என் வேல எப்புடி நிக்குதுன்னு” என்று பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. வண்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை.

கழற்றின சக்கரங்களைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று அவசரம்.

“அண்ணே, சக்கரத்த அடியில போடலையா?” என்றாள் மல்லிகா.

“அதெல்லாம் ஸ்டாண்டு குடுத்தாச்சுத்தா.”

“ஏழு வருசத்துக்கு முன்னாடி போட்டீங்களே. சக்கரத்தப் படுக்கப் போட்டு, அதுக்கு மேல அந்தப் புளியங்கட்டைய வச்சீங்க. எதுக்குண்ணேன்னு கேட்டேன். ஸ்டாண்டு ஏமாத்துனாலும் இது ஏமாத்தாதுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அன்னைக்கி வயசு கம்மி, பயம் ஜாஸ்தி. இப்ப வேலையப் பாக்க விடுத்தா.”

மல்லிகா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். வலதுபக்கம் காருக்கு அடியில் படுக்கப் போட்டுத் தள்ளினாள். என் சாக்கிலிருந்து கசாப்புக் கடைக் கட்டை மாதிரி கனமான புளியங்கட்டை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி அதன் மேல் வைத்தாள். கட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் மூணு விரல் இடைவெளி. அப்புறம் இன்னொரு சக்கரத்தையும் கட்டையையும் இடதுபக்கம் அதே மாதிரி வைத்தாள். கையை உதறிக்கொண்டு, “இப்ப பாருங்க ஒங்க வேலைய” என்றாள். செல்வராஜ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

5. சத்தம்

சிலேட்டில் ‘செல்வராஜ்’ என்று எழுதினாள். பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுகிற மாதிரி உருண்டை உருண்டையான எழுத்து. அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வலதுபக்கமாக உள்ளே போனார். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருப்பதால் கிரைண்டர் வேண்டாம், பொறி பறக்கும், கம்பி பிரஷ்தான் என்று சொல்லியிருந்தேன். நான் வெளியே உட்கார்ந்து பிரைமர் கலக்கினேன். மல்லிகா அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

அஞ்சு நிமிடம் போகும். மறுபடி அதே கேள்வி. மூணாவது தடவை அவர் அடியிலிருந்து, “இருவத்திரெண்டு வருசமா போன்ல கேட்ட, இன்னும் விடலையா நீ?” என்றார். “போன்ல இருக்கேன்னு சொல்லுவீங்க, கண்ணால பாத்தேனா?” என்றாள் இவள். நான் குனிந்து பிரைமரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். புருஷன் பொண்டாட்டி பேச்சில் நமக்கு என்ன வேலை.

நாலாவது தடவை அவள் கூப்பிட வாயெடுத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. கைமுறுக்கை உடைத்தால் வருமே, அந்தச் சத்தம். அடுத்த நொடியில் காரின் வலதுபக்கம் ‘தொம்’ என்று இறங்கியது.

பிரைமர் டப்பாவை நான் எங்கே போட்டேன் என்று தெரியாது. முட்டி தேயத் தரையில் விழுந்து குனிந்து பார்த்தேன். வலதுபக்க ஸ்டாண்டின் தலை ஓரச் சட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. கார் புளியங்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. கட்டைக்கு அடியில் இருந்த சக்கரம் கொஞ்சம் நசுங்கி, எல்லாப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு நின்றது. செல்வராஜின் மூக்குக்கு மேல் ஒரு சாண் இடம் இருந்தது.

“ஏங்க! ஏங்க, இருக்கீங்களா?”

பதில் வரவில்லை. ஆண்டவனே என்று நினைத்தேன். அந்த இரண்டு மூணு நொடி எனக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

“இருக்கேன்” என்றது குரல். “இருக்கேன் மல்லி. அழுவாத.”

“மாப்ள, அசையாதீங்க” என்றேன். ஜாக்கைத் தள்ளிக்கொண்டுபோய் வண்டியைத் தாங்கிப் பிடித்தேன். ஜாக் கம்பி இரண்டு தடவை நழுவியது. “இப்ப வாங்க. மெதுவா. எதையும் புடிக்காம.”

வந்தார். நெற்றியில் பிரஷ் பட்டு ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். களத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பேர் இருக்கிற வரைக்கும் நகரக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தாரே, அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது. சிலேட்டை மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள். அழிக்கவும் கை வரவில்லை. கண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.

செல்வராஜ் தவழ்ந்த மாதிரியே அவள் பக்கத்தில் போனார். அவள் முந்தானை நுனியை எடுத்தார். சிலேட்டில் இருந்த தன் பேரைத் தானே துடைத்தார்.

“வந்துட்டேன் மல்லி. பாரு, வெளிய வந்துட்டேன்” என்றார்.

நான் திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். எனக்கும் அழுகை வந்தது. அறுபத்தேழு வயதில் அடுத்தவன் வீட்டுக் களத்தில் நின்று அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

6. என் கோட்டிங்

கொஞ்ச நேரம் கழித்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த வலதுபக்கச் சட்டத்தைக் குத்தினேன். கறுப்புத் தோலுக்கு உள்ளே இரும்பே இல்லை. ஈரமான செந்தூள்தான் கொட்டியது. கோட்டிங் மட்டும் அதே வழவழப்போடு தொங்கியது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அது ஐப்பசி அடைமழை. கார் அடியெல்லாம் சொட்டச் சொட்ட நின்றது. கழுவி, இரண்டு நாள் காய வைத்து, துருவைச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் அடித்திருக்க வேண்டும். நான் துணியால் ஒற்றிவிட்டு, மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு, கெட்டியாக ஒரு கோட் அடித்துவிட்டேன். உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டினேன். ஏழு வருடம் அது உள்ளே உட்கார்ந்து தின்றிருக்கிறது. கோட்டிங் அடிக்காமல் விட்டிருந்தால்கூட துரு வெளியே தெரிந்திருக்கும், ஸ்டாண்டை அங்கே வைத்திருக்க மாட்டேன்.

மறைத்திருக்கலாம். பழைய வண்டி, அப்படித்தான் என்றால் அவர்கள் நம்பியிருப்பார்கள். மனசு கேட்கவில்லை. இரண்டு பேரிடமும் சொன்னேன்.

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அன்னைக்கித் திங்கக்கெழம மகனுக்குப் பரீச்சை. கார் இப்பவே வேணும்னு நாந்தானே ஒத்தக் கால்ல நின்னேன்?”

“நீ நிப்பத்தா. முடியாதுன்னு சொல்ல வேண்டியவன் நானு. சொல்லல.”

“சரி, அப்ப இடதுபக்கத்தையும் நல்லாக் குத்திப் பாத்துருங்கண்ணே. இன்னைக்கி ஒரு அவசரமும் இல்ல. அவரு எங்கேயும் போகப் போறதில்ல” என்றாள்.

அந்தக் காரை நானும் செல்வராஜும் அவசரப்படாமல் செய்தோம். அடியெல்லாம் குத்திப் பார்த்து, செத்த இரும்பை வெட்டி எடுத்து, வெல்டிங்காரரைக் கூட்டி வந்து புதுத் தகடு வைத்தோம். கழுவி மூணு நாள் காய வைத்த பிறகே பிரைமர் அடித்தோம். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு ரெனிவலுக்குக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மல்லிகாதான் ஓட்டினாள். செல்வராஜுக்கு இந்த ஊர் லைசென்ஸ் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

திரும்புகிற வழியில் என் வீட்டில் காரை நிறுத்தி ஒரு பையைக் கொடுத்தார்கள். பழம் என்று நினைத்தேன். உள்ளே ஒரு புதுச் சிலேட்டும் ஒரு டப்பா சாக்பீஸும் இருந்தன.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. மட்டமான தரை, முட்டுக்கட்டை, ஸ்டாண்டு, அதோடு சக்கரமும் கட்டையும். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்தவன் செய்த வேலையை ஒரு தடவை குத்திப் பாருங்கள். நீங்கள் செய்த வேலையை இரண்டு தடவை குத்திப் பாருங்கள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தச் சிலேட்டை வீட்டுக்காரர்களிடம் நீட்டி என் பேரை எழுதச் சொல்கிறேன். நிறைய பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு எழுதுங்கள் என்பேன். எழுதின பிறகுதான் குனிவேன்.